மைனஸ் அக்கா ஆற்றைப் பார்த்த நாள்

கண்ணாடியின் பவரை வைத்தே மனிதர்களை எடைபோட்ட ஒரே ஜீவன், தஞ்சாவூர் லேடீஸ் ஹாஸ்டலில் என் அறைத்தோழியாக இருந்த மைனஸ் அக்காதான். புதிதாக யார் வந்தாலும், "பேர் கெடக்கட்டும், பவர் என்ன?" என்பார். பவரே இல்லை என்றால், "பாவம், சின்னப் பொண்ணு" என்று இரக்கப்படுவார்.

அவருக்கு மைனஸ் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் கொடியில் காயும் நைட்டியைப் பார்த்து, "யாருடி அது, வழிய மறைச்சுக்கிட்டு?" என்று அதட்டுவார். பதில் வராததால் கோபம் இன்னும் ஏறும்.

ஒருநாள் லேசர் சிகிச்சை செய்துகொள்ளப்போவதாக அறிவித்தார். கண்ணாடிக்கு வழியனுப்பு விழா நடந்தது. ஹாஸ்டலுக்கே கேசரி.

"லேசருக்குக் கருவிழிப் படலம் தடிமனா இருக்கணுமாம். என் கண்ணாடியே இவ்வளவு தடி. கண்ணு எவ்வளவு தடியா இருக்கும்!"

ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போன எனக்கு மைனஸ் ஒன்றுதான். போன கையோடு நானும் கண்ணைக் காட்டினேன். டாக்டர் இரண்டு பேருக்கும் படலத்தை அளந்தார். எனக்கு நல்ல தடிமன். அக்காவுக்கு மிகவும் மெல்லிசு.

"மைனஸ் ஒண்ணுக்கு எதுக்கு சார் அவ்வளவு தடிமன்?" என்று அக்கா கொதித்தார்.

"பவர வச்சு தடிமனச் சொல்ல முடியாதும்மா. லேசர்னா அந்தப் படலத்தத்தான் கொஞ்சம் செதுக்கி எடுக்கணும். பவர் கூடினா எடுக்கறதும் கூடும். உங்களுக்கு அவ்வளவு எடுத்தா கண்ணு தாங்காது."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊர் திருவிடைமருதூர். பொறந்ததுலேர்ந்து காவேரில குளிக்கிறேன். கண்ணாடியக் கழட்டிட்டுத்தானே எறங்கணும்? தண்ணிக்குள்ள நின்னு ஒரு தடவகூட ஆத்தப் பாத்ததில்லடி."

"கண்ணாடியோடவே எறங்கினா என்னக்கா?"

என்னை வெறித்துப் பார்த்தார். "இது ஏன்டி எனக்குத் தோணல?"

ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு அழைத்துப்போனார். கண்ணாடியைப் பாவாடை நாடாவால் தலையோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் ஆற்றில் இறங்க, படித்துறையே சிரித்தது. முங்கி எழுந்தவர் கத்தினார்:

"அடியே, அக்கரையில ஒருத்தர் பல்லு வெளக்குறார்டி! பக்கத்துல எருமை! தென்னமரத்துல குலைகூடத் தெரியுதுடி!"

கண்ணாடி முழுக்க நீர் வழிந்தது. "தொடச்சுத் தரவாக்கா?"

"வேணாம்டி. அப்படியே இருக்கட்டும்."

பொழுது சாய்ந்தது. கூட்டம் கலைந்தது. அவர் வீட்டில் தேடுவார்கள் என்று தெரிந்தும், கரையேறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.