மூன்று தடவை ஒழிந்த பல்லி

மொச்சைக்காய் ஒரு முறம் நிறைய உரிக்கக் கிடக்கிறது. கை பாட்டுக்கு உரிக்கட்டும், வாய் பாட்டுக்குச் சொல்லட்டும்.

ஒரு காட்டில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காட்டில் ஏது ரயில் என்றால், துரை விட்ட ரயில். துரை யார் என்றால், ஒரு வான்கோழி. கப்பலில் வந்து இறங்கினவர். கழுத்து சிவப்பாக இருந்தது, தலையில் தொப்பி இருந்தது, பேசினால் ஒருத்தருக்கும் புரியவில்லை. அது போதாதா? சிங்கம் சலாம் போட்டது. புலி நாற்காலி எடுத்துப் போட்டது.

துரை ரொம்ப நியாயஸ்தர். பெரியவன் சின்னவன் என்கிற பேதமே கூடாது என்று, ரயில் கட்டணத்தைக் கால் கணக்கில் வைத்தார். யானைக்கும் நாலு கால், எலிக்கும் நாலு கால், ஆகையால் இரண்டு பேருக்கும் ஒரே கட்டணம். துரைக்கு மட்டும் இரண்டு காலோடு சரி என்பதை யாரும் கவனிக்கவில்லை. பாம்புகளுக்குக் காலே இல்லாததால் அதுகள் ஓசியிலேயே போய்வந்தன. ஒரு மரவட்டை மாமா பாவம், மகள் கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார். குமாஸ்தா ஆமை அவர் கால்களை எண்ண ஆரம்பித்தது. இருநூற்றுப் பதினேழில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது. வெளியே வந்தபோது எண்ணிக்கை மறந்துபோயிற்று.

"ஓரமா உக்காருங்க மாமா, கூட்டம் குறையட்டும், மொதல்ல இருந்து எண்ணிக்கலாம்" என்றது ஆமை. மாமா ஓரமாகச் சுருண்டு படுத்துக்கொண்டார்.

அந்தக் காட்டில் ஒரு புளியமரப் பொந்தில் பூவாயி என்று ஒரு பல்லி இருந்தாள். இரண்டு பிள்ளைகள். பெரிசு, சின்னது என்றுதான் கூப்பிடுவாள். புருஷன் சடையன் ஜங்ஷன் ஸ்டேஷனில் விளக்குக் கம்பத்தில் வேலைக்குப் போயிருந்தான். விளக்குக்கு வருகிற பூச்சியைப் பிடிக்கிற வேலை. சம்பளம் என்னவென்றால் அந்தப் பூச்சிதான்.

புளியமரத்தில் பூச்சி இல்லை. ரயில் புகை பட்டு எல்லாம் ஓடிவிட்டன. பிள்ளைகளுக்கு விலா எலும்பு வெளியே தெரிந்தது. ஆடி மாதம் ஒரு காக்காய் வந்து சடையன் சொன்ன சேதியைச் சொன்னது.

"ஐப்பசி மொத மழைக்கு முன்னாடி வந்துரணுமாம் தங்கச்சி. அன்னைக்கு ஒரு நாள்தான் ஈசல் கொட்டுமாம். அத விட்டா அடுத்த வருசம்தானாம். புள்ளைங்க ஒரு நாளாச்சும் வயிறு முட்டத் திங்கட்டும்னு சொல்லச் சொன்னான்."

பூவாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். நாலு பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். வரிசையில் தன் முறை வந்தும் இரண்டு பேருக்கு வழி விட்டு, அப்புறம்தான் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"பன்னெண்டு கால்" என்றது ஆமை.

"கைக்குழந்தைங்க, ஐயா."

"உங்க ஆளுங்களுக்குக் கை ஏதும்மா? எல்லாம் காலுதான். பன்னெண்டு."

கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. ரயில் புறப்படப் போகிறது. காட்டெருமை டிரைவர் கயிற்றைப் பிடித்து ஊதப் போகிறார். பூவாயிக்கு மனசு தாங்கவில்லை. "ச்சு ச்சு" என்றாள். வேறொன்றுமில்லை, நம்ம வீட்டில் பால் திரிந்தால் நாம் சொல்வோமே, அந்த மாதிரிதான்.

அவ்வளவுதான். ரயில் நின்றது.

"பல்லி சொல்லிருச்சு!" என்று கத்தியது ஒரு ஆடு.

"எந்தப் பக்கம் சொல்லிச்சு?"

"தெக்குப் பக்கம்."

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமை வேற. போற காரியம் உருப்படாது, இறங்குங்கடி!"

யானை இறங்கியது. கரடி மூட்டை முடிச்சோடு இறங்கியது. டிரைவரே இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறலாமா, குளித்துவிட்டு ஏறவேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ரயில் மூன்று மணி நேரம் தாமதம். இப்படி அந்த மாதத்தில் இது பதினோராவது தடவை.

வான்கோழித் துரையின் கழுத்து சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போயிற்று. மறுநாள் காலையில் ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பூவாயி, சுவரின் பின்பக்கத்திலிருந்து தலையை மட்டும் வளைத்துப் படித்தாள்.

"ஒன்று: பல்லி என்னும் பிராணி ரயிலுக்குக் கேடு விளைவிப்பதால், அது ஒழிக்கப்படும். ஒழித்ததற்கு அடையாளமாக ஒரு பல்லி வால் கொண்டுவருபவருக்கு நாலு காலுக்கு இலவச டிக்கெட். இரண்டு: கப்பலில் வரவழைக்க வேண்டிய எந்தச் சரக்கையாவது இந்தக் காட்டிலேயே செய்து கொடுப்பவருக்குக் கைத்தொழில் சன்மானம்."

இரண்டாவதை அவள் சரியாகப் படிக்கவில்லை. முதலாவதிலேயே கண் இருட்டிவிட்டது. அதற்குள் பின்னாலிருந்து யாரோ அவள் வாலைக் கவ்வினார்கள். திரும்பிப் பார்த்தால் சாரைப்பாம்பு.

பல்லிக்குப் பயம் வந்தால் என்ன செய்யும்? வாலை உதறியது, ஓடியது. வால் பாம்பின் வாயில் கிடந்து துள்ளியது.

வேலி ஓரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே பூவாயி கேட்டாள், "அண்ணே, அத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"டிக்கெட் வாங்கத்தான்."

"உங்களுக்குத்தான் காலே இல்லையே அண்ணே."

சாரை யோசித்தது. அதற்கு யோசனை மெதுவாகத்தான் வரும், தலையிலிருந்து வால் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டுமே. "அட ஆமா. நான் ஓசியில போறவன்தானே" என்று வாலைத் துப்பிவிட்டுப் போயிற்று.

பூவாயி திரும்பி வந்தாள். துள்ளி அடங்கிய தன் வாலைப் பார்த்தாள். நோட்டீஸைப் பார்த்தாள். ஒரு பூவரச இலையில் வாலைச் சுருட்டினாள். இன்னொரு இலையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டாள். போய் வரிசையில் நின்றாள்.

ஆமை பூர்த்தி செய்கிற பாரம் ஒன்றை எடுத்தது.

"செத்த பல்லி பேரு?"

"பூவாயி."

"ஒழிச்சவங்க பேரு?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பூவாயி" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

"சொந்தக்காரங்க, ஐயா."

"செத்ததை நேர்ல பாத்தியா?"

"கூடவேதான் இருந்தேன்."

"கடைசியா ஏதாச்சும் சொல்லிச்சா? பாரத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு."

பூவாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "புள்ளைங்களப் பாத்துக்கன்னு சொல்லிச்சு" என்றாள்.

ஆமைக்கு மனசு இளகியது. ஆனாலும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "ஏம்மா, நீயே பல்லி மாதிரி இருக்கியே."

"பல்லிக்கு வால் இருக்கும்ங்களே ஐயா."

ஆமை விதிப்புத்தகத்தைப் புரட்டியது. பல்லி என்றால் வாலுள்ளது என்று துரை கையெழுத்தோடு போட்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. வால் இல்லை. முத்திரை குத்தி, நாலு காலுக்கு டிக்கெட் கொடுத்தது.

இன்னும் எட்டுக் கால் பாக்கி. பெரிசு சொன்னது, "அம்மா, என் வாலைக் குடுக்கட்டா?" சின்னது தன் வாலை எடுத்து வாய்க்குள்ளேயே ஒளித்துக்கொண்டது. பூவாயி இரண்டையும் அதட்டினாள். "விளையாடுற வயசுல வாலைக் குடுக்கிறாங்களாம்! அம்மாவுக்கு முளைக்கும். சும்மா இருங்க."

முளைத்தது. ஆவணி கடைசியில் இரண்டாவது வாலைக் கல்லிடுக்கில் மாட்டி உதறினாள்.

"குட்டையா இருக்கே?" என்றது ஆமை.

"இது இளையவங்க, ஐயா."

"குடும்பத்தோடவே ஒழிச்சுட்டு வர்ற போலிருக்கே. நல்ல பொண்ணு." இன்னொரு நாலு கால்.

பூவாயிக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வந்தது என்று நினைக்காதீர்கள். காட்டில் இருந்த பல்லி அத்தனையும் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. "ச்சு ச்சு" என்று மட்டும் பயத்தில் ஒன்றும் சொல்லவில்லை. முந்நூறு பல்லி இருந்த காட்டில் எண்ணூறு பல்லி ஒழிந்ததாக ரிஜிஸ்தரில் ஏறியது. துரை தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் ஊரில் அது சந்தோஷத்துக்கு அடையாளமாம். "பல்லி அடியோடு ஒழிந்தது. இனி வால் வாங்கப்பட மாட்டாது" என்று நோட்டீஸின் முதல் பகுதியில் ஒரு கோடு அடித்தார்கள்.

அந்தக் கோடு அடித்த மறுநாள், புரட்டாசி கடைசி நாள், பூவாயி மூன்றாவது வாலோடு வந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது.

"இது போலி" என்றது ஆமை.

"ஐயோ, நிஜ வால்தான் ஐயா. இப்பத்தான், இன்னும் துள்ளுது பாருங்க."

"பல்லியே இல்லாத காட்டுல பல்லி வால் எப்படிம்மா வரும்? துரை கையெழுத்துப் போட்டு ஒழிச்சுட்டார்."

"எட்டுக் காலுக்கு டிக்கெட் இருக்கு. இன்னும் நாலுதான் ஐயா."

"அப்ப ரெண்டு பேர் போங்க, ஒருத்தர் இருங்க."

எந்தப் பிள்ளையை விடுவது? இல்லை, இரண்டையும் ஏற்றிவிட்டுத் தான் நிற்பதா? அதுகள் பாட்டுக்கு வழியில் யார் வயிற்றிலாவது இறங்கிவிடுமே. பூவாயி நோட்டீஸ் ஒட்டின சுவர் ஓரமாகப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் இடி இடித்தது.

அப்போதுதான் பார்த்தாள். பிளாட்பாரம் நிறைய ஆட்கள். ஒருத்தரும் ரயிலில் ஏறவில்லை. நேற்றிலிருந்து ரயில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

துரை குதித்துக்கொண்டிருந்தார். "பல்லி இல்லை! சத்தம் இல்லை! இப்போது என்ன?"

"அதாங்க துரை பயமே" என்றார் எருமை டிரைவர். "சொல்றதுக்குப் பல்லி இருந்தா, கெட்ட நேரம்னா இறங்கிக்கலாம், நல்ல நேரம்னா ஏறிக்கலாம். இப்ப ஒண்ணுமே தெரியலையே. எந்த நம்பிக்கையில கிளம்புறது?"

"பொண்ணு பாக்கப் போறோம், சும்மா மொட்டையாவா போறது?" என்றது கரடி.

துரைக்கு மயக்கம் வந்தது. "கப்பலில் பல்லி வரவழைக்கிறேன்" என்று முனகினார். "ஆறு மாதம் ஆகும்."

கப்பலில் வரவழைக்கிற சரக்கு. பூவாயி தலையைத் தூக்கினாள். அவள் மூக்குக்கு நேராக நோட்டீஸின் இரண்டாவது பகுதி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு இத்தனை பேருக்கு நடுவில், பிளாட்பாரத்தில், துரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா... அந்தச் சத்தத்தை நான் செஞ்சு தர்றேன்."

"நீ பல்லியா?"

"பல்லிதான் ஒழிஞ்சுபோச்சே ஐயா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

துரை ஆமையைப் பார்த்தார். ஆமை அவள் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "வால் இல்லீங்க துரை" என்றது.

"செய்து காட்டு."

பூவாயி கண்ணை மூடிக்கொண்டு, "ச்சு ச்சு ச்சு" என்றாள்.

பிளாட்பாரம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். பூவாயி யோசிக்கவே இல்லை. "ஜங்ஷன் பக்கம்" என்றாள். "போனா வயித்துக்கு நல்லதாம்."

ஆடும் கரடியும் முண்டியடித்து ஏறின. எருமை டிரைவர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். துரை சந்தோஷத்தில், அந்த இடத்திலேயே பூவாயிக்குக் கைத்தொழில் சன்மானம் என்று அறிவித்து, அவளையும் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு தொழிற்சாலை என்று பதிந்தார்.

"அதெல்லாம் சரி, டிக்கெட்?" என்றது ஆமை. கடமை தவறாத ஆமை.

பூவாயி மெதுவாகக் கேட்டாள், "தொழிற்சாலைக்கு எத்தனை கால் ஐயா?"

ஆமை புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டியது. "தொழிற்சாலைக்குக் கால் போடல" என்றது. "ஏறிக்கம்மா." கையிலிருந்த எட்டுக் கால் டிக்கெட்டை அவள் ஓரமாகச் சுருண்டு கிடந்த மரவட்டை மாமாவின் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினாள். முன்பக்கத்து எட்டுக் காலாவது கல்யாணத்துக்குப் போகட்டும்.

சாரைப்பாம்பை மட்டும் கடைசியில் பிடித்துக்கொண்டார்கள். காத்திருந்த நேரத்தில் ஒரு தவளையை விழுங்கியிருந்தது. "உள்ள நாலு கால் போகுது, டிக்கெட் எடு" என்றது ஆமை.

ரயில் ஜங்ஷனுக்குள் நுழையவும் முதல் சொட்டு விழவும் சரியாக இருந்தது. விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டியது. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றாலே போதும், தானாக விழுந்தது. சடையன் கம்பத்திலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

"ஏய், உன் வால் எங்கடி?"

"எது? மூணாவதா?" என்றாள் பூவாயி, ஒரு ஈசலின் இறக்கையைப் பிய்த்துக்கொண்டே. "நான் செத்துச் செத்துல்ல வந்திருக்கேன். மொதல்ல திங்கவிடு."

நீதி: உங்களை ஒழிப்பதற்குச் சர்க்கார் பரிசு அறிவித்தால் ஓடி ஒளியாதீர்கள், வரிசையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

இன்னொரு நீதியும் இருக்கிறது. எத்தனை வாலைக் கேட்டாலும் கொடுத்துவிடலாம், வாயை மட்டும் கொடுத்துவிடக் கூடாது, ஏனென்றால் கடைசியில் அந்த வாய்தான்... இதோ வந்துட்டேன் அத்தை, புள்ள முழிச்சுட்டானா, இன்னும் ஒரு பிடி மொச்சைதான், இதை மட்டும்