பெரிய துரைக்கு அடித்த தப்பு

நிர்வாகம் படிக்கிற பையனை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பவே கூடாது. சட்டம் படிக்கிறவன் வந்தால் பேசித்தான் கொல்வான். வைத்தியம் படிக்கிறவன் வந்தால் நாக்கை நீட்டச் சொல்வதோடு விட்டுவிடுவான். நிர்வாகம் படிக்கிறவன் வந்தால் ஒரு பொருளையும் அது இருக்கிற இடத்தில் இருக்க விடமாட்டான். இதை நான் அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அந்தப் பையன் நான்தான்.

பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. பண்டாரவளையில் இறங்கி, மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி ஊர் வந்து சேர வேண்டும். பம்பாயில் ஒரு கல்லூரியில் வணிகமும் நிர்வாகமும் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடைத்தெருவில் அந்தப் படிப்பின் பெயரைப் பிழையில்லாமல் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். (அர்த்தம் எனக்கும் சரியாகத் தெரியாது. அது வேறு விஷயம்.) அமெரிக்காவில் ஒருவர் மண்வெட்டிக்காரர்களுக்குப் பின்னால் கடிகாரத்தோடு திரிந்து வேலையை வேகப்படுத்தினார் என்று எங்கள் பேராசிரியர் சொன்ன நாளிலிருந்து எனக்குக் கடிகாரப் பைத்தியம் பிடித்திருந்தது.

வந்த மறுநாளே வாப்பாவின் துணிக்கடையைச் சீர்திருத்திவிட்டேன். அதிகம் விற்கும் துணி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது தத்துவம். சேலைகள் இருந்த இடத்துக்குக் கம்பளியும், கம்பளி இருந்த இடத்துக்குக் கைலிச் சாரமும் போயின. மாலைவரை கடையில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. வாப்பா கோபப்படவில்லை. மிகவும் பொறுமையாக, "மகன், ஒன்ட படிப்ப வேற எங்கயாவது போய்க் காட்டு" என்றார்.

காட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. ஒரு தொழிலிடத்தில் சில வாரம் வேலை பழகி, அங்குள்ள மேலாளரிடம் கையொப்பம் வாங்கி வராவிட்டால் இறுதிப் பரீட்சையில் உட்கார முடியாது என்பது கல்லூரி விதி. கையொப்பம் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் வாழ்நாள் முழுவதும் கடையில் முழக்கோலும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர் எங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர். அவர் சிபாரிசில் அந்தத் தோட்டத்துப் பெரிய துரையின் முன்னால் போய் நின்றேன். துரைக்குச் சிவந்த முகம், வெள்ளைக் குதிரை, தானே தைத்துப் போட்டுக்கொண்டது போன்ற ஒரு தமிழ்.

"நீ என்ன படிக்கிறான்?" என்று கேட்டார்.

"மனிதர்களை வேகமாக வேலை செய்ய வைக்கும் படிப்பு, சார்."

"நல்லது. காலையில பெரட்டுக்கு ஆள் எல்லாம் ஆமை மாதிரி வரான். நீ அவன எல்லாம் சீக்கிரம் வர வை. நான் கையெழுத்துப் போடுறான். இல்ல, போடாது."

பெரட்டு என்றால், விடியற்காலையில் ஆட்களை ஒரு களத்தில் கூட்டிப் பெயர் பதிந்து, மலை மலையாக வேலைக்குப் பிரித்து அனுப்புவது. அதற்கு எழுப்பிவிடத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அடிப்பவர் மாயாண்டி. அவர் விடியற்காலையில் அடிக்கும் அடி, உண்மையைச் சொன்னால், தூங்குகிறவனை இன்னும் கொஞ்சம் புரண்டு படுக்க வைக்கும். ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாக, வேண்டா வெறுப்பாகத் திறக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு வழி பிறந்தது!

தோட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்த அறையில் படுத்திருந்தேன். கீழ்லயத்துப் பக்கமிருந்து ஒரு தப்புச் சத்தம் வந்தது பாருங்கள், கட்டிலில் கிடந்த என் கால்கள் தாமாக ஆடின. வெளியே ஓடிவந்து பார்த்தேன். மூடுபனி. அதற்குள்ளே ஒரே ஜனக்கூட்டம். விசில் அடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், பூவை அள்ளி வீசுகிறார்கள். ஒரு லயம் பாக்கியில்லாமல் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். நல்ல பெரிய கல்யாணம் என்று முடிவு செய்தேன். (எங்கள் கடைத்தெருவில் ஜனாஸா போனால் காலடிச் சத்தம்தான் கேட்கும். செத்தவரை ஆட்டம் பாட்டத்தோடு அனுப்பிவைப்பதை நான் அதுவரை கண்டதில்லை.) கூட்டத்தின் நடுவில் தோளில் தூக்கிப் போனது பல்லக்கு என்றே நினைத்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அடி மாறினால் ஆள் வருகிறது! இவ்வளவு சுலபமான விஷயம் அந்த அமெரிக்கருக்குக்கூடத் தோன்றவில்லையே!

மறுநாள் விடிவதற்கு முன்பே மாயாண்டியிடம் ஓடினேன். அவர் சிறு தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு அந்த அடிய அடிக்காதீங்க. நேத்து மத்தியானம் அடிச்சீங்களே, அத அடிங்க."

மாயாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து அடிச்சதுங்களா, சின்ன மொதலாளி?"

"அதேதான்."

அவர் மெதுவாக எழுந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "யாருக்குங்க?" என்றார்.

இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல். "வேற யாருக்கு? பெரிய துரைக்குத்தான்!"

"எப்பங்க?"

"இப்பவே!"

"ஐயோ... ரெண்டு நாளா காய்ச்சல்னு சொன்னாங்க. தொரைசாணி அம்மாவுக்குத் தெரியுமாங்க?"

"யாருக்கும் தெரியாது. நீங்க அடிங்க, எல்லாருக்கும் தெரியட்டும்!"

அடித்தார். அப்படி ஓர் அடியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கதவுகள் படபடவென்று திறந்தன. ஆண்கள் ஓடிவந்தார்கள், பெண்கள் ஓடிவந்தார்கள், வேலையிலிருந்து நின்றுபோன கிழவர்கள் கம்பூன்றி வந்தார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வாரமாகப் படுத்திருந்த ஒருவர் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தார். நான் களத்தின் நடுவே கடிகாரமும் கையுமாகத் துள்ளிக் குதிக்காத குறை. கையொப்பம் கண்முன் தெரிந்தது!

ஆனால் யாரும் களத்தில் நிற்கவில்லை. என்னைத் தாண்டி மேலே, பங்களாவுக்குப் போகும் பாதையில் ஏறினார்கள்.

"இங்க! இங்க நில்லுங்க!" என்று கத்தினேன். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இருளாயி என்ற அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் கடைசியில கூட இருந்தீங்களே தம்பி!" என்று கதறினார். யாருடைய கடைசி என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய கங்காணி கோடித் துணியோடு ஓடினார். அதில் எங்கள் கடை முத்திரை இருந்தது. துரை கண்ணும் கருத்துமாக வளர்த்த ரோஜாச் செடிகளை அதற்குள் மொட்டையடித்து மாலை கட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த ரோஜாக்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

பங்களா வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். இருளாயி ஒப்பாரியை எடுத்தார்:

"வெள்ளைக் குருதையில வெரசா வருவீகளே,
வேர்வை தொடைச்சாலும் வெரட்டித் திட்டுவீகளே,
ஒழுகுற லயத்துக்குத் தகரந் தாரேன்னு
ஒத்த வாக்குச் சொல்லி ஒறங்கிப் போனீகளே!"

சன்னல் திரை அசைந்தது. பிறகு கதவு திறந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சிவந்த மூக்கோடு, இரவுச் சட்டையில் பெரிய துரை வந்து நின்றார்.

"தகரம் நான் எப்ப சொன்னது?" என்று கேட்டார்.

கண்ணை மூடியிருந்த இருளாயி, ராகம் கெடாமல், "போன பங்குனியில, பெரட்டுக் களத்தில, பொழுது விடியயில சொன்னீகளே..." என்று இழுத்தார். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார்.

"பேயி!" என்று யாரோ கத்த, பாதிக் கூட்டம் தேயிலைக்குள் பாய்ந்தது. மிச்சக் கூட்டம் மாயாண்டியைப் பார்த்தது. மாயாண்டி என்னைப் பார்த்தார். நான் பார்ப்பதற்கு எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பெரிய கங்காணிதான் சட்டென்று சமாளித்தார். கோடித் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "தொரைக்கு ஆயுசு கெட்டிங்க! உசுரோட இருக்கயில சாவுச் சேதி கெளம்புனா, அந்த ஆளு நீண்ட நாளைக்கு இருப்பாருங்க!" என்றார். அதைக் கேட்டதும் அங்கே நின்ற சிலருடைய முகம் வாடியது போல எனக்குத் தோன்றியது. அப்போது அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

துரை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். முழக்கோல் என் கண்முன் ஆடியது.

"எத்தன ஆள் வந்தான்?"

"எல்லாரும், சார்."

"லேட்டா?"

"யாருமே இல்ல, சார்."

வெளியே பார்த்தார். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் தலை முழுகாமல் வேலைக்குப் போகக் கூடாது என்று, செத்தவர் பிழைத்துக்கொண்ட பிறகும், மொத்தத் தோட்டமும் ஓடைப் பக்கம் குளிக்கப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு கொழுந்துகூடப் பறிக்கப்படவில்லை. துரையின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னபடியே கையொப்பம் போட்டு, மேலே இப்படி எழுதினார்: "ஒரு தோட்டத்தின் அத்தனை பேரையும் நொடியில் வெளியே கொண்டுவரும் ஆற்றல் இந்த இளைஞருக்கு உண்டு. அந்த வேலையை இவருக்கு மறுபடி கொடுக்க வேண்டாம்." பம்பாய்ப் பேராசிரியர் முதல் வரியை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, இரண்டாவது வரியைத் தமக்குள் படித்துக்கொண்டார்.

பரீட்சையில் தேறினேன். பட்டமும் வாங்கினேன். வாங்கி, சட்டம் போட்டு, வாப்பாவின் கடையில் கம்பளிக்கு மேலே மாட்டிவிட்டு, அதற்குக் கீழே முழக்கோலோடுதான் இன்றைக்கும் நிற்கிறேன். கீழ்லயத்துக்குத் தகரம் அந்த மாதமே வந்தது. துரையும் பெரிய கங்காணி சொன்னபடியே, அவர் போக மாட்டாரா என்று காத்திருந்தவர்களையெல்லாம் முந்தவிட்டு, வருடக்கணக்காக அதே வெள்ளைக் குதிரையில் சுற்றிவந்தார். கடைசியில் ஒரு வழியாகச் சீமைக்குக் கப்பலேறினார்.

அவர் போன பிறகு வந்த தீபாவளிக்கு இருளாயி அக்கா சேலை எடுக்க வந்தார். புதுத் துரை எப்படி என்று கேட்டேன். அக்கா சேலையைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

"பழையவரு எவ்வளவோ தேவலைங்க, தம்பி. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இவருக்கு மட்டும் தப்படிக்கச் சொல்லி ஆயுசக் கூட்டிவிட்டுராதீங்க!"