நிறைந்த ஏரியின் வழக்கு

மழை மறந்தாலும் முரசு மறவாத நாடொன்று இருந்தது. நீர்வளநாடு என்பது அதன் பெயர். அங்கே குற்றவாளிகள்மேல் அரசின் சார்பில் வழக்கு நடத்தி வந்தவர் குழல்வாய்மொழி அம்மையார். தம் சொல்லால் குற்றமற்ற எவரும் கெட்டுவிடலாகாது என்று இறைவனைத் தொழுத பின்பே மன்றம் ஏறுவார். அதுவரை இறைவன் அவரைக் கைவிட்டதில்லை.

ஒரு கோடையில் பேரேரி வற்றியது. குடிகள் முறையிட்டனர். "ஏரி நிறைந்துள்ளது" என்று அரசர் முரசறைவித்தார். நிறைந்த ஏரிக்கு அருகில் கிணறு வைத்திருப்பது ஏரியை அவமதிப்பதாகும் என்று அடுத்த ஆணை வந்தது. கிணறுகள் பலகையிட்டு மூடப்பட்டன. ஏரிப்படுகையில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிறைத்த மாசானம் என்னும் உழவர், பேரேரியையே திருடியவர் என்று பிடிபட்டார். அதற்குத் தண்டனை ஆயுட்சிறை.

சிக்கனம் கருதி, ஏரியைக் கண்காணிக்கும் ஏரி வாரியத்துக்காக வாதாடும் பொறுப்பையும் அரசு அம்மையாரிடமே ஒப்படைத்திருந்தது. காலையில் அவர், மாசானம் ஏரியைத் திருடியதால் அது வற்றியது என்று நிறுவ வேண்டும். மாலையில், நீர் கேட்டு வழக்குத் தொடுத்த குடிகளுக்கு எதிராக, ஏரி நிறைந்திருக்கிறது என்று நிறுவ வேண்டும்.

"இவை முரண்படுகின்றனவே" என்றார் அமைச்சரிடம்.

"முரண் ஏது அம்மையீர்? இடையில் உணவு இடைவேளை இருக்கிறதே."

மன்றத்தில் மாசானம் கைகட்டி நின்றார். "திருடுன ஏரிய எங்கய்யா ஒளிச்சு வைப்பேன்? எங்க வீட்ல நெல்லு வைக்கவே எடமில்ல."

அம்மையார் எழுந்து, இரு வழக்குகளையும் ஒருங்கே விசாரிக்குமாறு வேண்டினார். நடுவர் இசைந்தார்.

"வாரியத்தின் சார்பில் சொல்கிறேன்: ஏரி நிறைந்திருக்கிறது. அரசரே முரசறைந்திருக்கிறார்."

"அதில் ஐயமில்லை" என்றார் நடுவர்.

"இனி, குற்றம் சாட்டியவளாகச் சொல்கிறேன்: நிறைந்திருக்கும் ஏரி களவு போயிருக்க இயலாது. குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன்."

நடுவர் மாசானத்தை விடுவித்து, ஏரி நிறைந்ததென்றும் தீர்ப்பளித்தார். குடிகளின் வழக்கு தோற்றது அம்மையார் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

வென்ற மகிழ்ச்சியில் அரசர் தெப்பத்திருவிழா நடத்தினார். வறண்ட படுகையில் குடிகள் தெப்பத்தைக் கயிறு கட்டி இழுத்தனர். அம்மையாரும் கயிற்றைப் பற்றினார்.

"நீங்க எதுக்கு வக்கீலம்மா?" என்றார் அருகில் இழுத்த மாசானம்.

"நிறைந்ததென்று வாதாடியவள் நான்தானே."

"வாதாடலேன்னா நான் இந்த வெயிலப் பாத்திருப்பனா? எம்புள்ளைக பக்கத்துல நிக்கிறேன், எல்லாம் ஒங்க புண்ணியம். சும்மா இழுங்கம்மா."

அம்மையார் உள்ளத்தால் இறைவனை வணங்கினார்.

தெப்பத்தின்மேலிருந்து எட்டிப் பார்த்த அரசர், "நீர்தான் எவ்வளவு தெளிவு, அடிமண்கூடத் தெரிகிறது" என்று வியந்தார்.

ஏரியின் நடுவே கயிற்றை வைத்துவிட்டுக் குடிகள் கஞ்சி குடிக்கப் போயினர். வெயில் ஏறிற்று. இறங்கி நடக்கலாமா என்று அரசர் சட்டக் கருத்துக் கேட்டார்.

அம்மையார் கைகூப்பினார். "இங்கே ஆழம் மிகுதி என்பதே தீர்ப்பின் பொருள், மன்னா. தாங்கள் நடந்தால் தீர்ப்பு பொய்க்கும், முரசும் பொய்க்கும். நீந்தத் தெரியுமா?"

"தெரியாதே" என்றார் அரசர். "தாகமாகவும் இருக்கிறது."

சுற்றிலும் நிறைந்திருக்கும் நீரை அவருக்கு முகந்து கொடுக்க அமைச்சரால் இயலவில்லை. அரசர் கரையேறும்வரை அவர் பருகுவதற்காகக் கிணறுகளைத் திறந்து வைக்குமாறு அன்றே ஆணை பிறந்தது.

நீர்வளநாட்டார் ஒவ்வொரு நாளும் கிணற்றில் நீர் இறைக்கும்போது அரசரை நன்றியோடு நினைக்கிறார்கள். அவர் எக்காலத்தும் கரையேறாதிருக்க அருளுமாறு இறைவனை வேண்டிக்கொள்கிறார்கள்.