லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்த அன்று

மதிப்பிற்குரிய செல்வகுமார் அண்ணனுக்கு, மூலக்குளத்திலிருந்து உங்கள் சித்தி மகள் செந்தமிழ்ச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. பெரியம்மா, அண்ணி, குழந்தை எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கும், நீங்கள் கொடுத்த லேப்டாப்பைத் தவிர, எல்லோரும் சுகம்.

போனில் என்றால் எனக்கு "ம்" தவிர எதுவும் வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதி, நாளை சாயங்காலம் சென்னைக்கு வரும் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே லேப்டாப்பும் வரும். கோபித்துக்கொள்ள வேண்டாம். "இந்த மெஷின் லேர்னிங் லைப்ரரி சாஃப்ட்வேர நீயே இன்ஸ்டால் பண்ணிக் காட்டு, எங்க ஆபீஸ்ல வேலைக்குச் சொல்றேன், வெள்ளிக்கிழமை மேனேஜர் போன்ல பேசுவாரு" என்றீர்கள். அது என்னால் ஆகாது.

ரெடிமேடாகக் கிடைப்பதைத்தான் முதலில் போட்டேன். ஓட்டியதும் 'சட்டவிரோதக் கட்டளை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றது. அர்த்தம் சொன்னேன். அப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "போலீசு கீலீசு வருமாம்மா?" என்றார். சிப் பழசு, புதுச் சிப்புக்குச் செய்தது இதில் ஓடாது, மூல நிரலை இறக்கி இந்த லேப்டாப்பிலேயே இதற்கென்று கட்டிக்கொள்ள வேண்டும் என்று பிறகு நீங்கள் விளக்கினீர்கள். ஜாக்கெட் தைக்கும் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ரெடிமேடு பத்தல, துணி எடுத்துத் தைக்கணும். அவ்ளோதான?"

அவ்வளவுதான் இல்லை அண்ணா. முதல் தடவை மெமரி போதாமல் பாதியில் நின்றது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு ஃபைலாகக் கட்டச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தேன், பேட்டரி செத்ததால் ஒயரில்தான் உயிர், வெளியே கிளம்பிய அப்பா பழக்கத்தில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார், கேட்டால் "ஊட்ல ஆளில்லாம என்னாத்துக்கு ஓடணும்?" என்கிறார், அதையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன், இன்றைக்கு முக்கால்வாசி கட்டி முடிந்திருந்தது, நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா ஒயரைப் பிடுங்கி, மூடிமேல் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சார்த்தி, தன் தையல் மிஷினுக்கும் மோட்டார் மெக்கானிக் அப்பாவின் ஸ்பேனருக்கும் நடுவில் சாமி முன்னால் வைத்துவிட்டாள். இன்று ஆயுத பூஜை. காற்று போகிற ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் சந்தனம்.

"ஐயோ, ஓடிக்கினு இருந்துச்சும்மா!"

"அதான்டி. பாவம், அதுவும் மூச்சு வாங்கிக்கினு கெடக்குது. இன்னிக்கு எல்லாத்துக்கும் லீவு. நாளைக்குப் படைச்சிட்டுத் தொடு."

"அதுக்குப் பொரி வச்சியா?" என்று அப்பா கேட்டார்.

கோபம் வரவில்லை அண்ணா, சலிப்புதான். ஒன்பதாவதில் மஞ்சள்காமாலை வந்து பாதி வருஷம் போனதும், மறுபடி ஒன்பதாவதிலேயே முதலிலிருந்து உட்காரச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கொஞ்ச நாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிட்டேன். பாடம் கஷ்டமாக இல்லை. செய்ததெல்லாம் செய்யாததாக ஆகிவிடுவதுதான் தாங்கவில்லை. இதுவும் அப்படித்தான். மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா காலில் நான் விழுந்ததாகச் சொல்லுங்கள். குழந்தைக்கு என் முத்தம். பொரியும் கடலையும் அப்பாவிடம் வருகிறது.

இப்படிக்கு,
லேப்டாப்பைத் தொட இன்று அனுமதி இல்லாத தங்கை,
செந்தமிழ்ச்செல்வி

பின்குறிப்பு: அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு அவசரப்படுத்துகிறார், திருத்தி எழுத நேரமில்லை. இன்று விஜயதசமி. காலையில் படைத்த பிறகு அம்மா, "எல்லாத்தையும் பேருக்குக் கொஞ்சம் ஓட்டிட்டு எடுத்து வைங்க" என்றாள். அவள் மிஷினில் ஒரு தையல் ஓட்டினாள். அப்பா, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை இன்னொரு முறை முறுக்கினார். பேருக்குத்தானே என்று நானும், எதையும் அழிக்காமல், அதே கட்டளையைத் தட்டினேன். முடித்ததை எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்து அது ஆரம்பித்தது. மத்தியானம் கட்டி முடித்து, ஓடியும் காட்டிவிட்டது. இத்தனை நாளும் அழித்தது நான்தான் அண்ணா. லேப்டாப் வராது, பொரி மட்டும் வரும். மேனேஜரை வெள்ளிக்கிழமை பேசச் சொல்லுங்கள். முதலில் கொஞ்ச நேரம் என் பக்கம் சத்தம் வராது, போனை வைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.