வாயில் குண்டூசி, வார்த்தை ஓகே

இனிமேல் ஓகே சொல்வதில்லை என்று சபதம் எடுத்தேன்.

நான் தையல்காரன். வேலை நேரத்தில் உதடுகளுக்கு நடுவே எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதோடு 'முடியாது' என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடும், குத்தும். 'ஓகே' குத்தாது. இது என் மனைவிக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் போன வாரம் தெரிந்தது. எதைக் கேட்பதானாலும் என் வாயில் ஊசி இருக்கும்போதுதான் கேட்பாள். அப்படித்தான் வீட்டுக்குள் பூனை வந்தது. அப்படித்தான் சுவரெல்லாம் ஊதா நிறமானது.

இந்த ஓகே இருக்கிறதே, ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர் சொன்னால், பிடிக்கவில்லை, தொலையட்டும் என்று அர்த்தம். நான் சொன்னால் சரணாகதி. என் மனைவி சொன்னால், இருங்க, உங்களைக் கவனிச்சுக்கிறேன் என்று அர்த்தம்.

இப்போது அவள் தம்பி வந்து தங்கப்போகிறானாம். கூடவே டிரம்ஸ். அடித்துப் பழக என் தையல் அறை வேண்டுமாம். அதைக் கொடுத்துவிட்டால் நானும் மெஷினும் சமையலறையில்தான் குடித்தனம் நடத்த வேண்டும்.

குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டேன்.

"இந்தா பாரு. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் நீ எது கேட்டாலும் என் பதில் 'முடியாது'தான். ஓகே கிடையாது, சரி கிடையாது, தலையாட்டுறது கிடையாது. வேற பேச்சே கிடையாது!"

"தவறிட்டீங்கன்னா?"

"ரூம் உன் தம்பிக்கு!"

"ஓகே" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"காபி தரட்டுமா?"

"முடியாது!"

"சாப்பிட வாங்களேன்."

"முடியாது!"

பசி காதை அடைத்தது. இருந்தாலும் ஜெயித்துக்கொண்டிருந்தேன். மீசையை முறுக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் போனும் கையுமாக வந்து நின்றாள்.

"தம்பி லைன்ல இருக்கான். பாவம், நீங்களும் காலையிலேருந்து பட்டினி. அவனை வர வேண்டாம், ரூம் கிடையாதுன்னு சொல்லிடட்டுமா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓகே என்றால் பந்தயம் போச்சு, அவன் வருவான். முடியாது என்றால் அவளைச் சொல்லவிடாமல் தடுத்த புண்ணியவான் நான், அப்போதும் அவன் வருவான்.

"என்னங்க, சொல்லிடட்டுமா?"

"மு... முடியாது."

"கேட்டியாடா? உன்னை வர வேண்டாம், ரூம் கிடையாதுன்னு சொல்லவே கூடாதாம். மாமாவுக்கு உன் மேல எவ்வளவு பாசம் பாரு!"

இப்போது சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸுக்கு உறை தைக்கிறேன். மச்சினன் எட்டிப் பார்க்கிறான்.

"மாமா, நாளைக்குள்ள தைச்சுடுவீங்கல்ல?"

வாய் நிறையக் குண்டூசி.

"ஓகே."