அடியில் ஓடும் ஸ்வரம்

ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துவிட்டு, மறுபடியும் மாட்டிக்கொண்டார் புள்ளி சார். எத்தனையாவது தடவை என்ற கணக்கை நேற்றே விட்டுவிட்டார்.

பழைய படம் ஒன்றின் ரயில் நிலையக் காட்சி அது. ரயில் போய்விடுகிறது. கதாநாயகி தனியாக நிற்கிறாள். மூன்றரை நிமிடத்துக்கு வசனமே கிடையாது, இசை மட்டும்தான். மேலே வயலின்கள் அழுகின்றன, நடுவில் செல்லோக்கள் தேற்றுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கனமான ஸ்வரம் மெல்ல எழும்பி, பெருகி, திடீரென்று அறுந்து, ஒரு மெல்லிய கீச்சொலியோடு முடிந்து, மறுபடி எழும்புகிறது.

அது எந்த வாத்தியம் என்பதுதான் தெரியவில்லை.

புள்ளி சார் இருபத்திரண்டு வருஷமாக ஓர் இசைக்குழுவில் நோட்ஸ் நகலெடுப்பவர். யாரோ எழுதிய ஸ்கோரைப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகக் காகிதம் எழுதிக் கொடுப்பது வேலை. கோடு போட்ட தாளில் காலமெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்ததால் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயருக்கு விமோசனம். படத்தைத் திரையில் ஓடவிட்டு, முன்னால் இசைக்குழு நேரடியாக வாசிக்கப்போகிறது. இசையமைப்பாளர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவருடைய ஸ்கோரைக் கரையான் தின்றுவிட்டது. படத்தைக் கேட்டுக் கேட்டு மொத்தத்தையும் திரும்ப எழுதியவர் புள்ளி சார். நிகழ்ச்சி நிரலில் முதல் முறையாக அவர் பெயர் அச்சாகப்போகிறது. அவர் மனைவி இதைத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தார்.

"இத்தனை நாள் புள்ளி, இனிமே பெரும்புள்ளி" என்று காபியை வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் நடுவில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. படத்தின் உரிமை மறைந்த தயாரிப்பாளரின் மனைவியிடம் இருந்தது. அந்தம்மா அனுமதி கொடுத்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை ஒத்திகைக்கு வருவேன். ரயில் சீன் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும். ஏதாவது குறைஞ்சுதுன்னா அந்த சீன் கிடையாது."

அந்தக் காட்சி போனால் புள்ளி சார் பெயரும் போய்விடும். அவர் எழுதிய மற்ற இடங்களையெல்லாம், குச்சி பிடித்துக் குழுவை நடத்தும் மாஸ்டர் நிரலில் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டபுள் பேஸில் ஆரம்பித்தார். ஆளைவிடப் பெரிய அந்த வாத்தியத்தை வாசிப்பவர் ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு ஒல்லி. அதைத் தினமும் தூக்கி வருவதால் எல்லாருக்கும் பீமன்.

"இது என்ன ஸ்வரம்?" காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பீமன் கேட்டார்.

"பி-க்கும் பி பிளாட்டுக்கும் நடுவுல."

"நடுவுல ஒண்ணும் கிடையாதே."

"படத்துல இருக்கு."

"மேல வயலின் எல்லாம் சி மைனர்ல அழுதுகிட்டு இருக்கு. கீழ நான் இதை வாசிச்சா, துக்க வீட்டுல பீரோ நகர்த்துற மாதிரி இருக்கும்."

வாசித்தார். அப்படித்தான் இருந்தது. படத்தில் இருக்கும் கரகரப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை கரகரப்புக்காகப் பஸூனைச் சேர்த்தார். அந்த நீளக் குழலை ஊதும் பெண் மிகவும் மரியாதையானவர். ஒரு தடவை ஊதிவிட்டு, "சார், இது சோக சீன்தானே?" என்று மட்டும் கேட்டார். வயலின் வரிசையில் மூன்று பேர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார்கள். அதில் இருவர் செருப்பு போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை டிராம்போன் என்ற பித்தளைக் குழலின் வாயை அடைத்துச் சேர்த்தார். ஒலி சற்று நெருங்கியது. அதற்குள் இன்னொரு பூதம் கிளம்பியது. அந்த ஸ்வரம் தாளத்தோடு ஒட்டவே இல்லை. மற்ற எல்லாரும் நாலு நாலாக எண்ணிக்கொண்டிருக்க, இது ஒரு தடவை ஐந்தில் எழுந்தது, ஒரு தடவை ஏழில் எழுந்தது. ஓரிடத்தில் பதினொன்று வரை எழவே இல்லை. எல்லாரும் பதறும் நேரத்தில் இரண்டு மடங்கு வேகத்தோடு வந்தது.

அப்படியே எழுதிக் கொடுத்தார். பீமன் ஐந்து எண்ண, பஸூன் பெண் ஏழு எண்ண, அதைக் கேட்டுச் செல்லோக்கள் ஆறுக்குப் போக, மூன்றாவது நிமிடத்தில் பார்த்தால் திரையில் ரயில் எப்போதோ போய்விட்டது, இசைக்குழு இன்னும் பிளாட்பாரத்துக்கே வந்து சேரவில்லை.

புள்ளி சாருக்குத் தலை சுற்றியது. வீட்டில் தட்டிலும் டம்ளரிலும் ஐந்து, ஏழு, பதினொன்று என்று தட்டிக்கொண்டிருந்தார். ஒருவேளை தன் காதுதான் கெட்டுவிட்டதோ என்று பயம் வந்தது. பேசாமல் அந்த ஸ்வரத்தையே தூக்கிவிடலாம் என்று வியாழக்கிழமை மாஸ்டரிடம் போனார்.

"தூக்குறதா?" மாஸ்டர் துள்ளி எழுந்தார். "நேத்துதான்யா பத்திரிகைக்காரங்ககிட்ட அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினேன்!"

"என்ன சொன்னீங்க?"

"மேல கேக்குறது அவ கண்ணீர். கீழ கேக்குறது அவ அடிமனசு. ரெண்டும் ரெண்டு காலத்துல ஓடுது. அதான் தாளம் சேரல. அந்தக் காலத்துலேயே எப்பேர்ப்பட்ட மூளை பாத்தியா! நானே எழுதியிருந்தாக்கூட இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"வாத்தியம் எதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை மேடையில பாருங்கன்னுட்டேன்."

கதவை மூடிக்கொண்டு வெளியே வந்த புள்ளி சாருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அன்றைக்கு அந்தப் படத்துக்கு வாசித்தவர்களில் ஒரு டபுள் பேஸ்காரர் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தார். போன் போட்டார்.

"ரயில் சீனா? எனக்கு அதுல வேலையே இல்லையே!" என்றார் அவர். காது மந்தமானவர் என்பதால் போனுக்கே அவசியமில்லாத குரல். "மொத்த சீனும் நான் வில்லைக் கீழ வச்சிட்டுச் சும்மா உக்காந்திருந்தேன்."

"அப்ப அடியில வாசிச்சது யாரு?"

"அடியிலயா? யாரும் வாசிக்கலையே. அப்பல்லாம் ஒரே ஹாலு, ரெண்டே மைக்கு. எல்லாரும் மூச்சைக்கூட அடக்கிகிட்டு உக்காந்திருப்போம். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. அன்னைக்குச் சிரிச்சிடக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சிகிட்டு இருந்தேன்."

"சோக சீன்ல எதுக்குச் சிரிப்பு?"

"அதாம்பா எனக்கும் ஞாபகம் வரல" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

யாரும் வாசிக்காத ஸ்வரத்தை யாருக்கு எழுதிக் கொடுப்பது? புள்ளி சார் வெள்ளிக்கிழமை முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. வாத்தியத்தைத் தேடுவதை விட்டார். ஹாலில் என்ன நடந்திருக்கும் என்ற ஆராய்ச்சியையும் விட்டார். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினார். அடித்தளத்துக்கு டபுள் பேஸ், கரகரப்புக்குப் பஸூன், பெருகும்போது டிராம்போன், அறுந்து நிற்கும் இடத்தில் மொத்த மௌனம், முடிவில் வரும் அந்தக் கீச்சொலிக்கு ஒரு பிக்கோலோ. இருக்கிற புல்லாங்குழலிலேயே குட்டி அது. ஒவ்வொரு எழுச்சியும் எத்தனை எண்ணிக்கை என்று காகிதத்தின் மேலேயே சிவப்பு மையில் குறித்தார். எழுதி முடித்தபோது அவருக்கே அது இசையா என்பது நிச்சயமில்லை.

சனிக்கிழமை காலை தயாரிப்பாளரின் மனைவி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, மடியில் கைப்பை. வணக்கம் சொன்ன மாஸ்டருக்குத் தலையை மட்டும் அசைத்தார்.

திரையில் ரயில் நகர்ந்தது. வயலின்கள் ஆரம்பித்தன. செல்லோக்கள் சேர்ந்தன. புள்ளி சார் ஓரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடியில் பீமன் இழுத்தார். பஸூன் கரகரத்தது. டிராம்போன் பெருக்கியது. சட்டென்று நிசப்தம். ஒன்று, இரண்டு, மூன்று... பிக்கோலோ மெல்லக் கீச்சிட்டது. மறுபடி பீமன்.

அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த எழுச்சியில் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. பதினொன்று எண்ணிக்கை வரை நிசப்தமாகி, மூன்று வாத்தியமும் சேர்ந்து ஒரேயடியாகக் கிளம்பிய இடத்தில், வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாஸ்டர் குச்சியை இறக்கினார். முகம் வெளிறிவிட்டது.

"யாருங்க இதை எழுதினது?" அந்தம்மா எழுந்து மேடைப் பக்கம் வந்தார்.

"இவர்தாங்க!" மாஸ்டர் இரண்டு அடி பின்வாங்கிக் கையைக் காட்டினார். "எல்லாமே இவர்தான். நான் வெறும் குச்சி ஆட்டுறவன்."

புள்ளி சார் தூணை விட்டுவிட்டு வந்தார். இருபத்திரண்டு வருஷத்து ஆசை கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. "மன்னிச்சிருங்கம்மா. அந்த அடி ஸ்வரம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. வேணும்னா இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்கிறதா? அதை எடுத்தீங்கன்னா படத்தையே தர மாட்டேன்!" அந்தம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அப்படியே இருக்குங்க. அந்த ஏத்தம், நடுவுல நின்னு பயமுறுத்துறது, கடைசியில வர்ற விசில் வரைக்கும். பன்னெண்டு வருஷம் ஆச்சு. திரும்ப இவ்வளவு பக்கத்துல கேப்பேன்னு நினைக்கவே இல்லை. உங்க பேரை நிரல்ல பெருசாப் போடச் சொல்லுங்க."

மாஸ்டர் எடுத்த இரண்டு அடியையும் திரும்ப வைத்து முன்னால் வந்துவிட்டார். "நான் முதல்லயே சொன்னேன்ம்மா, அது அவளோட அடிமனசுன்னு!"

"என் பெருமை ஒண்ணுமில்லம்மா" என்றார் புள்ளி சார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இசையமைப்பாளர் அன்னைக்கு என்ன எழுதினாரோ, அதைத்தான் நான் திரும்ப எழுதினேன்."

"அவர் எங்கங்க எழுதினாரு? ரெக்கார்டிங் ஆரம்பிச்சா எங்க வீட்டுக்காரர் அந்த ஹால்லயே சோபாவுல சாஞ்சிடுவாரு, படத்துக்குப் பணம் போட்டவரை எழுப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? முப்பத்தெட்டு வருஷம் பக்கத்துல படுத்தவளுக்கு இந்தக் குறட்டை தெரியாதா!"