கட்லாவுக்கு மூன்று பெல்

1. பேத்தமங்களா ஏரியில் என் தூண்டிலில் ஒரு பெரிய மீன் மாட்டியது.
2. தூண்டில் நுனியில் பொருத்தியிருந்த மணி அடித்தது.
3. ரீலைச் சுற்றி மீனை இழுக்க வேண்டிய என் நைனா, இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
4. எனக்கு மாமனாராக வர வேண்டியவர் செருப்பைக் கழற்றினார்.
5. நான் புதுச் சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன்.
6. வீட்டில் அம்மா குழம்பைக் கொதிக்கவிட்டு மீனுக்காகக் காத்திருந்தாள்.

இதெல்லாம் நடந்து முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் அதற்கான திட்டத்தை நான் ஒரு மாதம் போட்டேன். அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் கன்ட்ரோல் பேனல்களைச் சோதிக்கிறேன். எந்த அலாரம் அடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் என் வேலை. (இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்தால் நீங்கள் என்னைவிடப் புத்திசாலி.) கோலார் தங்கவயலிலிருந்து, அதாவது கே.ஜி.எஃப்பிலிருந்து, விடியற்காலை ரயிலில் போய் இரவில் திரும்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சதீஷும் அதே ரயில்தான். ராபர்ட்சன்பேட்டைப் பையன். அவனுக்கும் எனக்கும் இடையில் ஆரம்பத்தில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது, பிறகு அதுவும் இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா உடனே சம்மதித்தாள். நைனா, "ட்ரெயின்ல பாத்த பையனா?" என்று கேட்டதோடு சரி. ஒரு வாரம் கழித்து, "பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நைனா 'பாக்குறேன்' என்று சொன்னால் அது பாதி 'இல்லை'. மீதிப் பாதியை நான் காப்பாற்ற வேண்டும்.

வழக்கமான முறை எனக்குத் தெரியும். சோபாவில் ஐந்து பேர் உட்கார்ந்து, மிக்சரைப் பார்த்துக்கொண்டே ரயில் லேட்டாவதைப் பற்றிப் பேசுவார்கள். அந்தச் சோபாவில் நைனா வாயே திறக்க மாட்டார். அதனால் வேறு வழி யோசித்தேன். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச மாட்டார்கள். ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து, கையில் ஏதாவது வேலையும் இருந்தால் பேசுவார்கள். சதீஷின் அப்பாவுக்கு மீன் என்றால் உயிர். ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் தூண்டில் போடுவது, பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா கையால் குழம்பு, குழம்போடு சம்மதம்.

எனக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது என்பது சின்ன விஷயமாகப் பட்டது. வீடியோக்கள் இருக்கின்றனவே!

ஒரு மாதம் ரயிலில் வேறு எதையும் பார்க்கவில்லை. கரையிலிருந்து மீன் பிடிக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு உலகமே ஆலோசனை சொல்லக் காத்திருக்கிறது. வெயில் ஏறும் முன் போய்விட வேண்டும். காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரையில் உட்கார வேண்டும், இரை அங்கேதான் ஒதுங்கும். நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. ஒரே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணாக்கு உருண்டை போட்டு மீனைப் பழக்க வேண்டும். முள் சின்னதாக, கூர்மையாக இருக்க வேண்டும். தூண்டில் நரம்பில் முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வலுவிழந்துவிடும். எல்லாவற்றையும் செய்தேன். (எச்சில் உட்பட.) ஏரிக் குத்தகைக்காரரிடம் கேட்டு அனுமதியும் வாங்கினேன். மேலும், மீன் கடித்தால் தெரிவதற்காக, தூண்டில் நுனியில் கவ்விக்கொள்ளும் ஒரு குட்டிப் பித்தளை மணி வாங்கினேன்.

ரீலுக்கு யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நைனா தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். அதாவது, ஷாஃப்டுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டை மேலே இருந்து இயக்குகிறவர். சுரங்கத்தை மூடியபோது எனக்குப் பேச்சே வந்திருக்கவில்லை. ஆனால் அவர் கேஜ் ஏற்றினால் கையில் இருக்கும் டீ தளும்பாது என்று காலனியில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பூமியின் அடிவயிற்றிலிருந்து மனுஷர்களைத் தூக்கியவருக்கு ஏரியிலிருந்து ஒரு மீனைத் தூக்குவது எம்மாத்திரம்? சுற்றுகிறவர் சுற்றப்போகிறார், அதை வருங்கால மாப்பிள்ளை வாய்பிளந்து பார்க்கப்போகிறான். என் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சதீஷின் அப்பா தேவராஜ் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தொப்பியோடு வந்தார். நைனா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, ரீலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா இது, ஒரு பக்கம்தான் சுத்துது?"

"அப்டித்தான் நைனா. பின்னாடி போகாம இருக்க ஒரு லாக் இருக்கு."

"ஏத்தவும் செய்யணும், இறக்கவும் செய்யணும். ஒரு பக்கம் மட்டும் சுத்துறதெல்லாம் ஒரு இன்ஜினா?" என்று கேட்டுக்கொண்டே அடியில் இருந்த சின்ன விசையைத் தட்டி லாக்கை எடுத்துவிட்டார். இப்போது கைப்பிடி இரண்டு பக்கமும் சுற்றியது. அவருக்குத் திருப்தி. நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். 'அட, ஆர்வம் வந்துடுச்சே' என்று புளகாங்கிதம் அடைந்தபடி தூண்டிலை வீசி, ரீல் அவர் கைக்கு எட்டும்படி கரையில் ஊன்றிய தாங்கியில் வைத்தேன்.

"நைனா, நரம்பு தொய்யாம மெதுவா சுத்திக்கினே இருங்க. மணி அடிச்சா என்ன பண்ணணும்னு தெரியும் இல்ல?"

"எனக்கா?" என்றார் நைனா. அந்த ஒரு சொல்லில் அவருடைய மொத்த சர்வீசும் இருந்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நைனாவும் தேவராஜும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிர்பார்த்தபடியே பேச்சும் வந்தது. தண்ணீர் அளவைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். சதீஷ் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அப்போதுதான் நரம்பு லேசாக நடுங்கியது.

டிங்.

நான் துள்ளி எழுந்தேன். "நைனா! மீன்!"

நைனா சுற்றுவதை நிறுத்தினார். சட்டென்று, கல் மாதிரி.

"சுத்துங்க நைனா!"

"ஒரு பெல்லு. ஒரு பெல்லுன்னா நிறுத்தணும்."

டிங் டிங்.

நைனா கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். அழகாக, சீராக, டீ தளும்பாமல், நரம்பை மீனுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

"நைனா, ஏன் உள்ள உடுறீங்க!"

"ரெண்டு பெல்லு அடிச்சா இறக்கணும்" என்றார், என்னமோ நான்தான் பைத்தியம் என்பது போல.

அதற்குள் முள் மீனின் வாயில் நன்றாக ஏறிவிட்டது. தூண்டில் வில்லாக வளைந்தது. மணி, டிங்கிடிங்கிடிங்கிடிங் என்று கோயில் ஆராதனை மாதிரி கத்தியது. நான் வாழ்க்கையில் கேட்ட மிக அற்புதமான சத்தம் அது. நைனா அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இரண்டு கைகளையும் ரீலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எந்த பெல் கோடுலயும் இல்ல. தெளிவா பெல் வராம நான் இன்ஜினைத் தொடமாட்டேன்."

பக்கத்து ஸ்டூலில் தேவராஜ் எழுந்து நின்றார். மீனைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்தார்.

"இன்னா சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க."

"தெளிவா பெல் வராம தொடமாட்டேன்."

"யோவ்!" என்றார் தேவராஜ். "அது நீதானா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சதீஷ்தான் நெற்றியில் கைவைத்துக்கொண்டான். அவனுடைய அப்பா சுரங்கத்தில் கீழே இருந்து கேஜுக்கு பெல் அடிக்கும் வேலை பார்த்தவர். அது எனக்குத் தெரியும். ஆனால் பெல் அடிக்கிறவர் கீழே இருட்டில், டிரைவர் மேலே இன்ஜின் ஹவுஸில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை, நடுவில் அந்த பெல் மட்டும்தான்.

"செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சி மேல வந்துக்கினு கீறோம்" என்று தேவராஜ் ஏரிக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "நடுவுல கேஜு நின்னுபோச்சு. நான் பெல் அடிக்கிறேன், அடிக்கிறேன், தூக்க மாட்றான்! தலை மேல தண்ணி சொட்டுது. பசி உயிர் போவுது. மேல வந்து கேட்டா, டிரைவரு 'தெளிவா பெல் வரல'ன்னு குந்திக்கினாராம்! யாருய்யா அந்த ஆளுன்னு கேட்டா, நான் அடிச்சிடுவேன்னு பயந்து ஒருத்தனும் பேரு சொல்லல. இத்தினி வருஷமா தேடிக்கினு கீறேன்!"

"நான்தான்" என்றார் நைனா. எழுந்திருக்கக்கூட இல்லை. "அரைகுறை பெல்லுக்குத் தூக்கியிருந்தா, எவன் காலு வெளிய கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்? நீ இன்னிக்கி ரெண்டு காலுல நின்னுக்கினு கத்துறியே, யாரால?"

என் கல்யாணம் அந்த இடத்தில் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு சம்பந்திகளும் பழைய ஷாஃப்டுக்குள் இறங்கிவிட்டார்கள். இதற்கிடையில், யாருமே பிடிக்காத தூண்டில், தாங்கியிலிருந்து கழன்று தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் பாய்ந்தேன். 'கரையில் ஓடக் கூடாது, சேறு வழுக்கும்' என்று எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். அதுவும் உண்மைதான். நான் உட்கார்ந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த கொக்கு பறந்துபோனது. சதீஷ் பர்சையும் போனையும் எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு குதித்து, தூண்டிலின் அடியைப் பிடித்துவிட்டான். மணி கழன்று தண்ணீரில் விழுந்தது.

"மீன் இன்னும் கீது!" என்று கத்தினான். "அங்கிள், பிடிங்க! எனக்கு இது சுத்தத் தெரியாது!"

நைனா தூண்டிலை வாங்கிக்கொண்டார். சுற்றவில்லை.

"பெல்லு?"

"நைனா!" என்று தண்ணீரிலிருந்து நான் அழுதேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தேவராஜ் என்னைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரில் இறங்கி, சேற்றுக்குள் துழாவி, மணியை எடுத்தார். அதைக் கழுவினார். நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, தெளிவாக, இடைவெளி விட்டு அடித்தார்.

டிங். டிங். டிங்.

மூன்று பெல் என்றால் ஆள் ஏறியாயிற்று, பார்த்துத் தூக்கு.

நைனா சுற்றினார். அய்யோ, அந்தச் சுற்றல்! மீன் இழுத்தால் விட்டுக்கொடுத்து, அசந்தால் ஏற்றி, ஒரு குலுக்கல் இல்லாமல், ஆளை ஏற்றுவது போலவே ஏற்றினார். நான் சேற்றில் எழுந்து வலையை நனைத்துத் தயாராகப் பிடித்தேன். சதீஷ், "வருது வருது வருது!" என்று கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினான். தண்ணீர் பிளந்து ஒரு முதுகு தெரிந்தது. கட்லா! கைக்குழந்தை அளவு கட்லா! செதில் ஒவ்வொன்றும் வெயிலில் மின்னியது. இன்னும் இரண்டு முழம்தான். வலையை அதன் தலைக்குக் கீழே கொண்டுபோனேன்.

"அடடடடா, இன்னா சைஸு!" என்று தேவராஜ் சந்தோஷத்தில் கையை உதறினார். அந்தக் கையில்தான் மணி இருந்தது.

டிங்.

நைனா நிறுத்தினார்.

நரம்பு தொய்ந்தது. கட்லா ஒரு முறை தலையை ஆட்டியது. முள் மட்டும் காற்றில் துள்ளி வந்து என் துப்பட்டாவில் மாட்டியது.

தண்ணீரில் வளையங்கள் விரிந்து அடங்கின.

"ஒரு பெல்லு அடிச்ச" என்றார் நைனா.

"கை ஆடிப்போச்சு" என்றார் தேவராஜ், மணியைப் பார்த்துக்கொண்டே.

"அன்னிக்கும் இப்டித்தான் ஆடியிருக்கும்."

தேவராஜ் மணியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு! முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நைனா அவரைக் கரையேற்றக் கை கொடுத்தார். நைனா சிரித்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் இஸ்திரி போட்ட சட்டையின் முதுகு ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனபோது குழம்பு தயாராக இருந்தது. அம்மா எங்கள் நான்கு பேரின் கால்களையும் என் சுடிதாரையும் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் முட்டை வேகவைக்கப் போனாள். மீன் குழம்பில் முட்டை போட்டுச் சாப்பிட்டோம். சம்மதம் என்று நைனா வாயால் சொல்லவே இல்லை. கைகழுவிவிட்டு வந்தவர், "போனை மேல வெச்சிட்டுக் குதிச்சான். நிதானம் கீது" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு ஈரம் காயாத அந்த மணியை எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் மூன்று முறை அடித்தார். அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள்.

ஏதாவது குழம்பில் காய் குறைந்தால் எங்கள் வீட்டில் இன்றும், "கட்லா எங்கம்மா?" என்றுதான் கேட்பார்கள். புதிதாக யார் வந்தாலும் தேவராஜ் மாமா இந்தக் கதையைச் சொல்வார். அவர் சொல்லும்போது கட்லா கைக்குழந்தை அளவிலிருந்து வளர்ந்து இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டது. பெல் அடித்தது யார் என்ற இடத்தை மட்டும் சற்று வேகமாகக் கடந்துவிடுவார்.

இப்போதைய நிலவரம்: எனக்கும் சதீஷுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மணி நைனா வீட்டு வாசல் கதவில் தொங்குகிறது. மாமா வந்தால் மூன்று பெல் அடிக்க வேண்டும், தெளிவாக அடிக்கும்வரை நைனா கதவைத் திறப்பதில்லை. கட்லா ஏரியில் இருக்கிறது. நான் இன்னும் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.